தீபாவளிக்குப் பெயின்ட் வேண்டாம், பொங்கலுக்கு அடிக்கலாம்

புரட்டாசி பிறந்ததும் என் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். "அண்ணே, சுவரெல்லாம் கருப்பா பூத்துக் கிடக்கு. தீபாவளிக்குள்ள ஒரு கோட் அடிச்சுக் கொடுத்துடுங்க." ரங்கூனில் பெயின்ட் வேலைக்கு வந்து முப்பத்திரண்டு வருடம் ஆகிறது. ஆரம்பத்தில் நானும் சரி என்று வாளியையும் பிரஷையும் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். இப்போது முதலில் ஒரு கேள்வி கேட்கிறேன்: அந்தச் சுவருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

அது தெரியாமல் எந்த மருந்தை அடித்தாலும், எவ்வளவு விலையான பெயின்ட்டைப் பூசினாலும் காசு வீண்தான். பூசணத்தில் எது எந்த வகை, எதை நாமே துடைக்கலாம், எதைப் பெயர்த்து எறிய வேண்டும், எப்போது பெயின்ட் அடிக்கலாம் என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மழையைப் பற்றி ஒரு வார்த்தை. வைகாசி தொடங்கும்போது பிடிக்கிற மழை ஐப்பசி வரை விடாது. ரங்கூனில் வருடத்துக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் பெய்கிறது. அதில் பெரும்பகுதி இந்த ஐந்தாறு மாதத்துக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மோல்மேன் பக்கம் இதைவிட அதிகம். பர்மியர்கள் மழையை 'மோ' என்பார்கள், பூசணத்தை 'ஹ்மோ' என்பார்கள். மூக்கு வழியாகக் கொஞ்சம் மூச்சை விட்டுச் சொன்னால் மழை பூசணமாகிவிடும். வேலைக்குப் போகிற வீடுகளில் இந்த இரண்டு வார்த்தையையும் ஒரே மூச்சில் கேட்டுக் கேட்டு எனக்குப் பழகிவிட்டது.

எது எது என்று பார்ப்பது

கடையில் விற்கிற மருந்து டின்களில் 'மில்டியூ' என்றும் 'மோல்ட்' என்றும் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். நமக்கு இரண்டுமே பூசணம்தான். மில்டியூ என்ற பெயர் உண்மையில் செடிக்கு வரும் நோயைக் குறிப்பது. பூசணிக்கொடி இலையில் விபூதி பூசினாற்போல வெள்ளையாகப் படருமே, விவசாயிகள் சாம்பல் நோய் என்பார்களே, அதுதான். வீட்டுக்குள் மேலோடு படர்கிற பூசணத்துக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். இந்தப் பிரிவு வேலைக்கு உதவும் என்பதால் நான் மேல்பூசணம், வேர்ப்பூசணம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மேல்பூசணம் தட்டையாக இருக்கும். மாவு தூவினாற்போல வெள்ளையாகவோ சாம்பலாகவோ, குளியலறை டைல்ஸ் இடுக்கிலும் ஜன்னல் சட்டத்திலும் தோல் செருப்பிலும் மடித்து வைத்த லுங்கியிலும் பிடிக்கும். வேர்ப்பூசணம் புள்ளி புள்ளியாக ஆரம்பித்து, புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, வெல்வெட் துணி மாதிரி மேலெழும்பி நிற்கும். சில இடத்தில் வழவழவென்று இருக்கும். கருப்பு, கரும்பச்சை, பழுப்பு என்று பல நிறம். கிட்டே போனாலே நனைந்த கோணிப்பை வாசம் வரும். சுவரின் பெயின்ட் அங்கே கொப்பளித்திருக்கும்.

கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். வெள்ளைத் துணி ஒன்றைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து ஒரு தடவை அழுத்தித் துடையுங்கள். அழுக்கு முழுதும் துணிக்கு வந்து, கீழே பெயின்ட் சுத்தமாகத் தெரிந்தால் அது மேல்பூசணம். துடைத்த பிறகும் சுவரில் கறை தங்கினால், அல்லது பெயின்ட்டே துணியோடு உரிந்து வந்தால், அது உள்ளே இழை விட்டுவிட்டது. ஒரு ஸ்க்ரூ டிரைவரின் முனையால் அந்த இடத்தை மெல்லக் குத்திப் பாருங்கள். பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தாலோ, மரமாக இருந்து முனை உள்ளே இறங்கினாலோ, அது துடைக்கிற வேலை அல்ல, பெயர்க்கிற வேலை.

கரும்புள்ளி பூசணமா, வெறும் அழுக்கா, அடுப்புப் புகையா என்று சந்தேகம் வந்தால், துணி வெளுக்கிற ப்ளீச்சில் ஒரு சொட்டை அதன்மேல் விட்டு ஒன்றிரண்டு நிமிடம் பொறுங்கள். நிறம் வெளுத்தால் பூசணம். அப்படியே கருப்பாக நின்றால் அழுக்கு.

இன்னொன்று, நிறையப் பேர் ஏமாறுகிற இடம். தரைத்தளத்து வீடுகளில் சுவரின் கீழ்ப்பகுதியில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி பூத்திருக்கும். அதைப் பூசணம் என்று நினைத்து மருந்து மருந்தாக அடிப்பார்கள். அது உப்பு. செங்கல்லுக்குள் ஏறிய தண்ணீர் காயும்போது உள்ளே இருக்கும் உப்பை வெளியே தள்ளிவிட்டுப் போகிறது. விரலால் தேய்த்தால் நறநறக்கும், தண்ணீர் தெளித்தால் கரைந்துவிடும், வாசம் இருக்காது. மரத்திலும் துணியிலும் பூக்கவே பூக்காது. உப்பு பூத்திருந்தால் பூசண மருந்து வேண்டியதில்லை. ஆனால் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கருப்பாக இருந்தால் விஷம், பச்சையாக இருந்தால் பரவாயில்லை என்று பேசுவார்கள். நிறத்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. எந்த நிறமானாலும் அதன் தூள் மூச்சில் போனால் இருமல், தும்மல், கண் எரிச்சல் வரலாம். ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பைக் கிளப்பிவிடலாம். என்ன ஜாதிப் பூசணம் என்று ஆராய்வதில் நேரம் போக்காமல் அகற்றிவிடுவதுதான் சரி.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

இந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

நகர மையத்தில் ஒரு நாலாம் மாடி வீடு. இங்கே பழைய ஃப்ளாட்டுகள் ரயில் பெட்டி மாதிரி நீளமாக இருக்கும். முன்னால் தெருவைப் பார்த்து ஜன்னல், பின்னால் சந்துப் பக்கம் பார்த்து ஜன்னல், இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். அந்த வீட்டு அக்கா நடு அறையில் பீரோவைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார். பக்கத்திலேயே சாமி படங்கள். முருகன் படத்துக் கண்ணாடிக்கு உள்ளே, மயிலின் தோகையில் வட்ட வட்டமாக வெள்ளை. படத்தைக் கழற்றினால் பின்னால் சுவரில் அதே சதுரத்துக்குக் கருப்பு. பீரோவை நகர்த்தினோம். அதன் முதுகு அளவுக்கு, ஆளுயரத்துக்கு, சுவர் முழுதும் கரும்பச்சை. ஓர் ஓரமாகக்கூட அது பீரோவைத் தாண்டி வெளியே வரவில்லை.

அக்கா பக்கத்து வீட்டுக் குழாய்தான் கசிகிறது என்று சண்டைக்கே தயாராக இருந்தார். நான் ஓரடிக்கு ஓரடி தெளிவான பாலிதீன் தாளை வெட்டி, அந்தச் சுவரில் துடைத்து உலர்ந்த ஓர் இடத்தில் நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டிவிட்டு வந்தேன். மறுநாள் சாயங்காலம் போனால் தாளின் வெளிப்பக்கம் ஈரம் படிந்திருந்தது; சுவரைப் பார்த்த பக்கம் காய்ந்திருந்தது. அப்படியென்றால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வரவில்லை. அறைக்குள் துணி காயப்போட்டதிலும் சமைத்ததிலும் வந்த ஆவி, காற்றே நுழையாத அந்த மூலையில் படிந்து தங்கியிருக்கிறது. பாலிதீனின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால் சுவர் கசிகிறது என்று அர்த்தம். செலவே இல்லாத இந்தச் சோதனையால் பக்கத்து வீட்டுச் சண்டை ஒன்று நின்றது.

அந்த வீட்டில் நாங்கள் செய்தது இவ்வளவுதான்: பீரோவை நாலு விரல் தள்ளிப் போட்டோம். சாமி படங்களுக்குப் பின்னால் கீழ் மூலைகளில் சின்ன மரத்துண்டு ஒட்டி, காற்றுப் போக இடைவெளி விட்டோம். துணிக்கொடியைப் பின் ஜன்னலுக்கு மாற்றினோம். கரண்ட் இருக்கிற நேரத்தில் ஃபேனைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கச் சொன்னேன். இங்கே கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்பது உங்களுக்கே தெரியும், ஈரம் உறிஞ்சும் மெஷினை நம்பி இருக்க முடியாது. அறையின் ஈரப்பதத்தைக் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி வைத்தால் நல்லது. 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூசணத்துக்குப் பிடிப்பு குறையும். அடைமழையில் ஜன்னலைத் திறந்தால் இன்னும் ஈரம்தான் உள்ளே வரும், மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கும்போது எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள்.

மற்ற வழிகளை அடையாளம் காண்பது இதைவிடச் சுலபம். எங்கள் மழை தென்மேற்கிலிருந்து சாய்ந்து அடிக்கும், அதனால் அந்தத் திசைச் சுவர் வெளிப்பக்கம் விரிசல் விட்டிருந்தால் உள்ளே பூக்கும். கோடையிலும் காயாமல் வட்டமாக ஈரம் நின்றால் குழாய். தரையிலிருந்து மூன்று நாலு அடி உயரத்தில் கோடு போட்டாற்போல உப்போடு நின்றால் நிலத்து ஓதம். கூரை ஒழுகினால் சீலிங் மூலையில் காபி சிந்தினாற்போலப் பழுப்பு வளையம்.

2008 மே மாதம் நர்கிஸ் புயல் வந்தபோது ரங்கூனில் எத்தனையோ வீட்டுக் கூரை பறந்தது. தகரம் கிடைத்து மூடுவதற்குள் மழைக்காலம் பிடித்துக்கொண்டது. அந்த வருடம் எல்லோரும் பெயின்ட் அடிக்கக் கூப்பிட்டார்கள், நானும் கூலிக்காகப் போய் அடித்தேன். அடித்த சுவர்கள் இரண்டு மாதத்தில் கொப்பளித்து உள்ளிருந்து கருப்பு வந்தது. வீடு இழந்து நின்ற ஜனங்களின் காசு அது. அந்த வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது. ஈரச் சுவரில் பிரஷ் வைப்பதில்லை என்று அன்றைக்கு முடிவு எடுத்தேன்.

துடைப்பது எப்படி

மூன்றடிக்கு மூன்றடி, அதாவது சுமார் பத்துச் சதுர அடிக்குள் இருந்தால் நாமே செய்யலாம். அதற்கு மேல் போனால் விவரம் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். வீட்டில் ஆஸ்துமாக்காரர்களோ கைக்குழந்தையோ இருந்தால் அன்றைக்கு அவர்களை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

என் மகள் வயிற்றுப் பேத்தி ஒரு மழைக்காலம் முழுதும் இருமினாள். எங்கள் வீட்டுத் தொட்டில் பக்கத்துச் சுவரை நான் காய்ந்த பிரஷால் வறட்டு வறட்டென்று தேய்த்துவிட்டேன். தூள் அறை முழுதும் பறந்து, அன்று ராத்திரி இருமல் இரட்டிப்பானது. உலர்ந்த பூசணத்தைத் தேய்க்கக் கூடாது. முதலில் சோப்புத் தண்ணீரைத் தெளித்து நனைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். மாஸ்க் என்95 வகையாக இருக்கட்டும், துணி மாஸ்க் போதாது. கையுறை, கண்ணாடி இரண்டும் வேண்டும். அறைக் கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து வையுங்கள். அந்த நேரம் ஃபேன் ஓடக் கூடாது.

டைல்ஸ், கண்ணாடி, பீங்கான், நல்ல எனாமல் பெயின்ட் மாதிரி தண்ணீர் குடிக்காத இடமாக இருந்தால், சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகு ப்ளீச் தண்ணீர் பூசலாம். ஒரு காலன் தண்ணீருக்கு ஒரு டம்ளருக்கு மேல் ப்ளீச் ஊற்ற வேண்டாம். பத்து நிமிடம் விட்டு, கழுவி, துடைத்து, காய விடுங்கள். மாதக்கணக்கில் திறந்து கிடந்த பாட்டிலுக்கு வீரியம் குறைந்திருக்கும்.

இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி வையுங்கள்: ப்ளீச்சோடு வினிகர், கக்கூஸ் கழுவும் ஆசிட், அம்மோனியா உள்ள கிளீனர் எதையும் கலக்கக் கூடாது. ஒன்றைக் கழுவி முடிக்காமல் அடுத்ததை அதே இடத்தில் அடிக்கவும் கூடாது. கிளம்பும் வாயு நுரையீரலைக் கெடுத்துவிடும்.

சுண்ணாம்புச் சுவர், சிமென்ட் பூச்சு, மரம் இவற்றுக்கு ப்ளீச் சரிப்படாது. மேல் நிறத்தை வெளுக்கும். அதிலுள்ள தண்ணீர் மட்டும் உள்ளே இறங்கி அடியில் இருக்கும் இழைக்குக் குடிக்கக் கொடுத்துவிடும். இரண்டு நாள் பளிச்சென்று இருந்து மூன்றாம் வாரம் திரும்ப வருவது இதனால்தான். சோப்புத் தண்ணீரால் தேய்த்து, தளர்ந்த பூச்சைச் சுரண்டி எடுத்து, காய வைப்பதுதான் வழி. வெள்ளை வினிகரைக் கலக்காமல் அடித்து ஒரு மணி நேரம் விட்டுத் துடைப்பது சில வகைப் பூசணத்துக்குக் கேட்கும். ஆனால் அது புளிப்பு. சுண்ணாம்பையும் மார்பிளையும் அரித்துவிடும், அங்கே வேண்டாம். ஊறிப்போன சீலிங் போர்டு, ப்ளைவுட் எல்லாம் தேறாது. பாலிதீன் பையில் கட்டி வெளியே எடுத்துப் போடுங்கள்.

எதுவானாலும் நனைந்தால் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாளுக்குள் காய்ந்தாக வேண்டும். அதைத் தாண்டினால் பூசணம் குடியேற ஆரம்பிக்கும்.

துணிமணிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வெளியே எடுத்துப் போய் உதறி, துணி தாங்குகிற அளவு சூடான தண்ணீரில் துவைத்து, நல்ல வெயிலில் போடுங்கள். பட்டுக்கும் கம்பளிக்கும் ப்ளீச் காட்டவே கூடாது, நூலே கரைந்துவிடும். கல்யாணப் பட்டைத் தேர்ந்த சலவைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். பாச்சை உருண்டை பூச்சிக்குத்தான், பூசணத்துக்கு அல்ல. இலவம்பஞ்சு மெத்தையில் உள்ளே ஏறிவிட்டால் காப்பாற்ற முடியாது. தேவாரப் புத்தகம், பழைய கடிதம் இவற்றை விரித்து நிறுத்தி முழுக்கக் காய வைத்த பிறகு, வெளியே வைத்து மெல்லிய பிரஷால் தட்டுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் கறை காகிதத்தில் இறங்கிவிடும். அடுக்களையில் பூசணம் பிடித்த வேர்க்கடலையைக் கழுவி வறுத்துச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். அதில் வருகிற அஃப்ளடாக்சின் என்ற நச்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது, ஈரலைப் பாதிக்கும்.

எப்போது அடிப்பது, எதை அடிப்பது

ஐப்பசியில் மழை நின்றாலும் சுவர் குடித்த தண்ணீர் உடனே வெளியேறாது. கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் இங்கே காற்று உலர்ந்து வீசும், அதுதான் சுவர் காய்கிற காலம். தீபாவளிக்கு அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்து மூடுகிறோம். போகிக்குப் பழையதைக் கழித்து வெள்ளையடிக்கிற நம் பெரியவர்களின் வழக்கம் இந்த ஊர் மழைக்கும் பொருந்தி வருகிறது. பாலிதீன் தாளை மறுபடி ஒட்டிப் பாருங்கள், இரண்டு பக்கமும் காய்ந்திருந்தால் பெயின்ட் வாங்கப் போகலாம். புதிதாகப் பூசிய சிமென்ட்டாக இருந்தால் 28 நாளாவது பொறுக்க வேண்டும்.

பழைய செங்கல் கட்டடம், சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது என்றால் நான் பிளாஸ்டிக் பெயின்ட்டைச் சிபாரிசு செய்வதில்லை. அது சுவரின் மூச்சை அடைத்துவிடும். சுண்ணாம்பே போதும். அதன் காரத்தில் பூசணம் சுலபத்தில் பிடிக்காது, ஈரமும் வந்த வழியே வெளியேறும். நீற்றின சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து ஓர் இரவு ஊற வைத்து, பழைய வேட்டியில் வடிகட்டி, பால் பதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கெட்டியாக ஒரே கை அடித்தால் உதிரும். சுவரை லேசாக நனைத்து, மெல்லியதாக மூன்று கை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி. அடிக்கும்போது தண்ணீர் மாதிரிதான் தெரியும், காய்ந்த பிறகுதான் வெள்ளை எழும். ஒட்டுவதற்காகக் கஞ்சி கலக்கிற பழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து கலக்காதீர்கள், கஞ்சி பூசணத்துக்குச் சோறு. கண்ணில் சுண்ணாம்பு தெறித்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து டாக்டரிடம் ஓடுங்கள். பிறகு எப்போதாவது பிளாஸ்டிக் பெயின்ட்டுக்கு மாறுவதாக இருந்தால் இந்தச் சுண்ணாம்பை முழுக்கச் சுரண்டிவிட்டுத்தான் அடிக்க வேண்டும், இல்லையென்றால் தாள் தாளாக உரியும்.

மரவீட்டுக்காரர்கள் பயப்பட வேண்டாம். இந்த நாட்டில் ஏனாஞ்சௌங் என்ற ஊரில் கிணறு தோண்டி எடுத்த கச்சா எண்ணெயைப் பூசித்தான் ஒரு காலத்தில் மரச்சுவர்களைக் காத்தார்கள். பூசணத்தைக் கழுவி, மரம் நன்றாகக் காய்ந்த பிறகு மர எண்ணெயோ வார்னிஷோ அடியுங்கள். அடிப்பலகையின் வெட்டுமுனையை மறந்துவிடாதீர்கள், தண்ணீர் குடிப்பது அந்த வழியாகத்தான்.

வேலை முடிந்ததும், பூசணம் இருந்த இடத்தின் ஓரத்தில், பீரோவுக்குப் பின்னால், பென்சிலால் சின்னதாகத் தேதி எழுதிவிட்டு வருவேன். ஆடி மாதம் மழை உச்சத்தில் இருக்கும்போது பீரோவை நகர்த்தி அந்த இடத்தைப் பாருங்கள். புள்ளி ஏதாவது தெரிந்தால் அன்றைக்கே கூப்பிடுங்கள், தீபாவளி வரை வைத்திருக்காதீர்கள்.